பாதியில் நின்ற கயிறு

"நான் புறப்படுறேம்மா" என்றார் தாண்டவமூர்த்தி.

அங்கயற்கண்ணி அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எங்கே?"

"எங்கேயாவது."

"எங்கேயாவதுக்கு பஸ் எத்தனை மணிக்கு?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. தோளில் துணிப்பை தொங்க, வாசற்படியிலேயே நின்றார்.

மலையடிவாரத்தில் இருந்தது அந்தத் தவச்சாலை. ஓட்டுக் கூரை போட்ட கூடம் ஒன்று, சமையற்கட்டு, கிணறு, பூவரச மரத்தடியில் கருவிகள் வைக்கும் கொட்டகை, முன்னால் அகன்ற புல்வெளி. அம்மையாருக்குத் தாண்டவமூர்த்தியைவிட வயது குறைவு. அது அவரை ஒருநாளும் உறுத்தியதில்லை. உறுத்தியது வேறு.

மறுநாள் ஐப்பசிப் பௌர்ணமி. ஆண்டுதோறும் அன்றைக்கு ஊரார் வந்து புல்வெளியில் அமர்வார்கள். மனத்தில் கிடப்பதைக் கேட்பார்கள். அம்மையார் அதிகம் பேசமாட்டார். அவருக்கு அருகே ஓர் ஈச்சம்பாயில் சீடர் ஒருவர் அமர்ந்து விடை சொல்வார். இங்கே வந்த நாளிலிருந்து அந்தப் பாய் தாண்டவமூர்த்தியுடையதாகவே இருந்தது. பாயில் அவர் உட்கார்ந்த இடம் சற்றே பள்ளமாகிக்கூட விட்டது.

அன்று காலை அம்மையார் கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்குப் பாயில அழகர்சாமி உக்காரட்டும். நீங்க புல்லை வெட்டிடுங்க."

முதல் வாக்கியத்தை அவர் எப்படியோ விழுங்கியிருப்பார். இரண்டாவது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?" என்று இப்போது கேட்டார். "போன வருசம் ஒரு கேள்விக்காவது நான் பதில் இல்லாம முழிச்சேனா?"

"இல்லை."

"எல்லாத்துக்கும் பதில் சொன்னேனே."

"சொன்னீங்க. அவங்க கேட்டு முடிக்கிறதுக்கு முன்னாடியே."

தாண்டவமூர்த்தி பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அம்மையார் கீரைத்தண்டு ஒன்றை ஒடித்துப் பார்த்து, முற்றல் என்று ஒதுக்கினார்.

"புல்லு?"

"மெஷின் ஓடலை. காலையில இழுத்தேன், கயிறு பாதியில நின்னுடுச்சு."

"அதைச் சரி பண்ண வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது" என்றார் அவர். குரலில் இருந்த திருப்தி அவருக்கே கேட்டது.

"அப்போ சரி பண்ணிட்டுப் போங்க."

பூவரச மரத்தடிக்குப் போனார். போகும்போதும் அழகர்சாமியின் நினைப்புதான்.

அழகர்சாமி வந்து ஓர் ஆண்டுகூட நிறையவில்லை. முன்பு டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பாட்டுத் தெரியாது, நூல் தெரியாது. தியானத்தில் உட்கார்ந்தால் கொட்டாவி விடுவார். அவரை வாசலில் வரவேற்று, குளிக்க இடம் காட்டி, எப்படி அமர்வது, எப்படி மூச்சைப் பார்ப்பது என்று முதன்முதலில் சொல்லிக்கொடுத்தவர் தாண்டவமூர்த்திதான். அந்த நன்றியை அழகர்சாமி மறக்கவில்லை. அண்ணே அண்ணே என்று வாய் நிறைய அழைத்தார். அதுவும் எரிந்தது.

சென்ற மாதம் ஓர் அம்மாள் வந்து, கண்ணை மூடினாலும் மனசு உள்ளே போகமாட்டேன் என்கிறது என்று அழுதாள். தாண்டவமூர்த்தி ஐம்புலன்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அழகர்சாமி அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"படியில தொங்காதீங்கம்மா. உள்ள போங்க, உள்ள போங்க. உள்ள காலியாத்தான் இருக்கு."

அழுதவள் சிரித்துவிட்டாள். அதைக்கூடப் பொறுக்கலாம். அம்மையாரும் சிரித்தார். பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தார். அத்தனை ஆண்டுகளில் தாண்டவமூர்த்தி அந்தப் பற்களைப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள், கண்டக்டர் எங்கே என்று.

புல்வெட்டும் இயந்திரம் சாக்கின் மேல் கிடந்தது. நீண்ட குழாய், அதன் ஒரு நுனியில் சுழன்று புல்லை அறுக்கும் நைலான் நரம்பு, மறு நுனியில் சிறிய பெட்ரோல் எஞ்சின். எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து இழுகயிறு ஒரு முழம் வெளியே வந்து, நாய் தொங்கவிட்ட நாக்கைப்போலக் கிடந்தது. இழுத்தால் வரவில்லை. விட்டால் உள்ளே போகவில்லை.

பையை மரத்தின் வேரில் வைத்தார். திருப்புளியை எடுத்தார்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆசிரியராக இருந்தவர் அவர். தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்கு எஞ்சின் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தவர். முதல் நாள் வகுப்பில், பெயர் கேட்பதற்கு முன்பே, அவர் சொல்லும் ஒன்று உண்டு: முறுக்கேறிய ஸ்பிரிங்கை நம்பாதே. அது உன் கண்ணுக்காகக் காத்திருக்கும்.

பக்கவாட்டு மூடியின் திருகாணிகளைக் கழற்றி, மூடியை மல்லாத்தி வைத்தார். மூடிக்குள் ஓர் உருளை. உருளையில் கயிறு சுற்றியிருந்தது. உருளைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், நாடாவைப்போல் சுருண்ட எஃகு ஸ்பிரிங். கயிறு பாதியில் நின்றுவிட்டதால் அது முறுக்கோடு அடைபட்டுக் கிடந்தது. உருளையை ஒரு விரற்கடை தூக்கினால் போதும்.

"என்னண்ணே, வண்டி பிரேக்டவுனா?"

அழகர்சாமி வந்து குந்தினார். கையில் அடுப்புக் கரி. அடுப்படியிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

"ஆமா" என்றார் தாண்டவமூர்த்தி.

"பயணிகளை இறக்கித் தள்ளச் சொல்லிருவோமா?"

அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். நாளைக்குப் பாயில என்னை உக்காரச் சொல்லியிருக்காங்க. எனக்கு ஒரு எழவும் தெரியாது. நீங்களே அம்மாகிட்ட சொல்லுங்க, அவன் வேணாம்னு."

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், அழகர்சாமி அவர்களே."

அந்த 'அவர்களே'யை அழகர்சாமி கவனித்தாரோ இல்லையோ. மூடியை எட்டிப் பார்த்தார்.

"இதுதான் மாட்டிக்கிச்சா? இந்தச் சக்கரமா?"

"ம்."

"இதைத் தூக்கிட்டு உள்ள அழுக்கைத் துடைச்சா ஓடும்போல."

அழகர்சாமியின் விரல்கள் உருளையின் விளிம்பைப் பற்றின. முகம் அதன்மேல் குனிந்திருந்தது.

தாண்டவமூர்த்திக்குத் தெரியும். அவருடைய வாயில் அந்தச் சொற்கள் இருந்தன. எத்தனையோ வகுப்புகளில் சொல்லித் தேய்ந்த சொற்கள், நாக்கை அசைத்தால் தாமாக வந்து விழும்.

அவர் நாக்கை அசைக்கவில்லை.

திருப்புளியின் முனையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். ஏனோ அதைத் துடைத்தார்.

"அழகர்சாமி."

அம்மையாரின் குரல். அடுப்படியிலிருந்து அல்ல, கொட்டகையின் மறைவிலிருந்து வந்தது.

"அம்மா?"

"பால் பொங்குது பாருங்க."

அழகர்சாமி விரலை எடுத்துக்கொண்டு ஓடினார்.

தவச்சாலையில் அன்று பால் வாங்கவில்லை. அது தாண்டவமூர்த்திக்குச் சற்று நேரம் கழித்தே உறைத்தது. அதற்குள் அம்மையார் வந்து, அழகர்சாமி குந்தியிருந்த அதே இடத்தில் அமர்ந்துவிட்டார்.

"சொல்லுங்க" என்றார். "இது எப்படி வேலை செய்யுது?"

அவர் இதுவரை எந்த இயந்திரத்தையும் பற்றிக் கேட்டவரல்லர். தாண்டவமூர்த்தி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். கேட்கப்பட்டால் சொல்லாமலிருக்க அவரால் முடியாது.

"கயிறை இழுத்தா இந்த உருளை சுத்தும். உருளை மேல இதோ, சின்னதா ஒரு கொக்கி இருக்கு. அது வெளியே நீண்டு, எஞ்சின் பக்கம் இருக்கிற கிண்ணத்தைக் கவ்விக்கும். கவ்வி எஞ்சினைச் சுத்த வைக்கும்."

"சுத்தினா?"

"எஞ்சின் பத்திக்கும். தானா ஓட ஆரம்பிச்சிடும்."

"அப்போ கொக்கி?"

"மடங்கிடணும்."

"உடனேவா?"

"உடனே. எஞ்சின் ஓடுற வேகத்துக்குக் கொக்கி கூட ஓட முடியாதும்மா. மடங்கலைன்னா கிண்ணம் அதை அடிச்சுக்கிட்டே இருக்கும். கடகடன்னு சத்தம் வரும். கையில கயிறு உதறும். கடைசியில எல்லாம் சேர்ந்து மாட்டிக்கும்."

"இப்போ அதுதான் ஆச்சா?"

"அதுதான்."

"ஏன் மடங்கலை?"

"பாக்கணும். உருளையை எடுத்தாத்தான் தெரியும்."

"எடுக்கிறதுதானே" என்ற அம்மையார் கையை நீட்டினார். அதே விளிம்பு. விரல்கள் உருளையைப் பற்றித் தூக்கப்போயின; முகம் அதன்மேல் குனிந்தது.

"அம்மா, தொடாதீங்க."

அவர் கை அம்மையாரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. குருவைத் தொடக்கூடாது என்பது தவச்சாலையின் விதி. அதை வருகிறவர்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுப்பவரும் அவரே.

"உள்ள ஸ்பிரிங் முறுக்கேறி இருக்கு. தூக்கினா பாயும். எஃகு நாடா, கத்தி மாதிரி அறுக்கும். கண்ணு போயிடும்மா."

அம்மையார் தம் மணிக்கட்டை விடுவித்துக்கொள்ள முயலவில்லை.

"இவ்வளவு சீக்கிரம் சொல்லிட்டீங்களே" என்றார்.

பூவரசிலிருந்து ஒரு பழுத்த இலை மூடிக்குள் விழுந்தது.

தாண்டவமூர்த்தி கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தார். அம்மையார் எழுந்திருக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் தாண்டவமூர்த்திக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

கடைசியில் தாண்டவமூர்த்தி வேலையைத் தொடங்கினார்.

இடக்கைக் கட்டைவிரலை உருளையின்மேல் அழுத்தி வைத்தார். வலக்கையால் இலையை எடுத்துப் போட்டார். உருளையைச் சற்றே அசைத்துப் பிடி தளர்த்தி, கட்டைவிரலின் அழுத்தத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்தார். உருளை விரலை உரசிக்கொண்டு பின்னோக்கிச் சுழன்றது. ஒரு சுற்று, இன்னொன்று, பிறகு எண்ணவில்லை. கயிறு உள்ளே போனது. ஸ்பிரிங் தளர்ந்துபோய், பெருமூச்சு விட்டவன்போல அமைந்தது.

அதன்பிறகுதான் உருளையைத் தூக்கினார்.

கொக்கி நீண்டபடியே நின்றது. அதன் மூட்டிலும் உருளையின் அடியிலும் பழுப்பு நிறத்தில் ஏதோ படிந்து, புல்தூளோடு சேர்ந்து அரக்குப்போல் இறுகியிருந்தது.

நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

விளக்கெண்ணெய்.

அம்மையார் வழிபடும் அறையில் ஓர் அகல் எரியும். அதில் மிஞ்சும் எண்ணெயைத் தினமும் காலையில் எடுத்து வருபவர் தாண்டவமூர்த்தி. வேறு யாரையும் அந்த அகலைத் தொட விட்டதில்லை. ஒருமுறை அழகர்சாமி எடுத்துவந்தபோது கையிலிருந்து பிடுங்கியே விட்டார். அந்த எண்ணெயைச் சின்னப் புட்டியில் சேர்த்து, தாம் தொட்ட கருவிக்கெல்லாம் இட்டார். கதவுக் கீலுக்கு இட்டார். கிணற்று ராட்டினத்துக்கு இட்டார். இந்தக் கொக்கிக்கும், எஞ்சின் எண்ணெயை விட்டுவிட்டு, தாராளமாக இட்டார். தொழில் தெரிந்த எவனும் செய்யாத காரியம். மாணவன் எவனாவது செய்திருந்தால் வகுப்பைவிட்டே வெளியேற்றியிருப்பார்.

"என்ன அது?" என்றார் அம்மையார்.

"உங்க விளக்கு எண்ணெய்."

"இதுல எப்படி வந்துச்சு?"

"நான்தான் போட்டேன்."

"எதுக்கு?"

அவர் கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்ககிட்டயிருந்து வந்ததும்மா. எனக்கு மட்டும் வந்தது."

அம்மையார் விரலால் அந்தப் பிசினைத் தொட்டு, கட்டைவிரலோடு ஒட்டிப் பிரித்துப் பார்த்தார்.

"விளக்குக்கு நல்ல எண்ணெய்" என்றார்.

பெட்ரோலில் துடைக்கத் துணி வேண்டியிருந்தது. கொட்டகையில் இருந்தவை எல்லாம் எண்ணெய்க் கந்தல். தாண்டவமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மரத்தின் வேரில் கிடந்த தம் பையை இழுத்து அவிழ்த்தார். மடித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டை எடுத்தார், பயணத்துக்கென்று வைத்திருந்தது. நடுவில் கிழித்தார்.

அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, கீரை வாடிவிடும் என்று எழுந்துபோனார்.

துண்டின் ஒரு பாதி பழுப்பாயிற்று. மறுபாதியால் மீண்டும் துடைத்தார். கொக்கி அவர் விரல் பட்டதும் நீண்டது, விட்டதும் மடங்கியது. பலமுறை அப்படிச் செய்து பார்த்தார், தேவைக்கு மேலாகவே. ஸ்பிரிங்கை அதன் கூட்டில் பொருத்தி, உருளையை வைத்து, கயிற்றைச் சுற்றினார். இன்னும் ஒரு சுற்று முறுக்கலாம் என்று கை பரபரத்தது. காலையில் வந்த கோபத்தில் முறுக்கியுமிருப்பார். கயிறு கடைசிவரை வந்தபின்பும் ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சவேண்டும், இல்லாவிட்டால் முறிந்துபோகும். மிச்சம் விட்டு நிறுத்தினார்.

மூடியைப் பொருத்தி, இயந்திரத்தை நிமிர்த்தி, கயிற்றை இழுத்தார்.

எஞ்சின் பற்றிக்கொண்டது.

தாண்டவமூர்த்தி காதைக் கொடுத்துக் கேட்டார். எஞ்சினின் சீரான இரைச்சல் மட்டும் கேட்டது. கொக்கியிலிருந்து சத்தமே இல்லை. கயிறு கையிலிருந்து நழுவி, தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவர் புல்லை வெட்டினார். வெயில் சாயும்வரை வெட்டினார். அம்மையார் அமரும் இடத்துக்கு அருகே, ஈச்சம்பாய் விரிக்கும் இடத்தில், கல் ஒன்று கிடந்ததைப் பொறுக்கி எறிந்தார். குத்துச்செடி ஒன்றைக் கையாலேயே பிடுங்கினார். பாய் பள்ளமாகியிருப்பது நினைவுக்கு வந்தது. உள்ளே போய், தலைமாடு கால்மாடாகத் திருப்பிச் சுருட்டி வைத்தார்.

திரும்பி வந்து எஞ்சினை அணைத்தார். நன்றாக ஓடிய இயந்திரத்தை மறுபடி சாக்கின்மேல் கிடத்தி, சூடு ஆறியதும் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார்.

"அழகர்சாமி."

அடுப்படியிலிருந்து தலை நீண்டது.

"அண்ணே?"

"இங்க வா."

அழகர்சாமி கையைத் துடைத்தபடி வந்தார். "என்னண்ணே, மறுபடி பிரேக்டவுனா? நல்லாத்தானே ஓடுச்சு. இங்க பால் பொங்குதுன்னாங்க, ஓடிப்போய்ப் பாத்தா பாலையே காணோம். அம்மாவுக்கு வயசாகுதுபோல."

"உக்காரு."

மல்லாந்த மூடி. உருளை. தாண்டவமூர்த்தி கயிற்றைப் பாதிவரை இழுத்து, உருளையை விரலால் நிறுத்திப் பிடித்தார். அடியில் ஸ்பிரிங் முறுக்கேறி நின்றது.

"கட்டைவிரலை இங்க வை. அங்க இல்ல. இங்க. நல்லா அழுத்து. முகத்தைத் தள்ளி வை."

அழகர்சாமி வைத்தார். தாண்டவமூர்த்தி தம் விரலை எடுத்தார். உருளை அழகர்சாமியின் விரலடியில் துடித்தது.

"ஆத்தி. உள்ள ஏதோ திமிறுதே."

"ஸ்பிரிங். இப்படி இருக்கும்போது உருளையைத் தூக்கினா பாஞ்சு கண்ணைப் பறிச்சிடும்."

அழகர்சாமியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"காலையில நான் தூக்கப்போனேனே."

"ஆமா."

"நல்லவேளை தப்பிச்சேன். அப்போ உங்களுக்கும் தெரியலையாக்கும்."

கிணற்றடியில் காகம் ஒன்று வாளியைக் கொத்திக்கொண்டிருந்தது. தாண்டவமூர்த்தி அதைப் பார்க்கவில்லை. அழகர்சாமியின் கண்களைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

அழகர்சாமி தம் விரலைப் பார்த்தார். பிறகு எதிரே அமர்ந்திருந்தவரைப் பார்த்தார். எழுந்துபோயிருக்கலாம், கையை வெடுக்கென்று இழுத்திருக்கலாம், இழுத்திருந்தால் ஸ்பிரிங் இருவர் முகத்துக்கும் நடுவில் பாய்ந்திருக்கும்.

அவர் கையை எடுக்கவில்லை.

"எவ்வளவு நேரம்ணே இப்படியே பிடிச்சுக்கிட்டு இருக்கிறது?"

தாண்டவமூர்த்தி தம் கட்டைவிரலை அழகர்சாமியின் கட்டைவிரல்மேல் வைத்தார்.

"இப்ப விடலாம், தம்பி" என்றார். "மெதுவா."